பாதியில் இறங்கிய சைக்கிள்காரன்

அந்த ஜப்பான் கார்ட்டூனில் எனக்கு முதலில் பிடித்தது, முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வதுதான். ஒரு அணியில் ஆறு பேர். ஆறு பேரும் ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறார்கள். முன்னால் இருப்பவன் நெஞ்சில் காற்று அடிக்கிறது. பின்னால் வருகிறவனுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கடைசி மேட்டில் ஜெயிக்க வேண்டியவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு முன்னால் போனவன் ஒதுங்கிக்கொள்கிறான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் எங்கள் மகள்தான் அதைச் செல்போனில் ஏற்றிக்கொடுத்தாள். "ஆஸ்பத்திரில சும்மா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க, இதைப் பாருங்க. அனிமேன்னு சொல்லுவாங்கப்பா, தமிழ்லயே பேசுது" என்றாள். வாரத்தில் இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸ் செய்ய மலையிலிருந்து கீழே டவுனுக்குக் கூட்டிப்போகிறேன். மேலே செம்மேட்டில் பஸ் ஏறினால் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்க வேண்டும். ரத்தம் சுத்தமாகி முடியும்வரை அறைக்கு வெளியே பெஞ்சில் இருப்பேன். யாரிடமும் வலியப் பேசத் தெரியாத ஆள் நான். பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பித்தால் செல்போனைப் பார்த்துக் குனிந்துகொள்வதற்கு அது வசதியாக இருந்தது. பிறகு உண்மையிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். ஒற்றை மூங்கிலில் கால் வைக்கக் கணுக்களை விட்டு வெட்டிய ஏணிதான் பறிக்க. ஒருவர் ஏற, ஒருவர் அடியில் பிடிக்க வேண்டும். ஏறுவது நான், பிடிப்பது அவள். அவள் பிடித்தால் ஏணி மரத்தோடு முளைத்தது போல நிற்கும். இப்போது அவளால் முடியாது. கூலிக்கு ஆள் வைத்துப் பிடிக்கச் சொன்னால், அவன் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே பிடிக்கிறான். நான் மேல் கணுவுக்கு ஏறுவதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் காற்று வாங்குகிறவனைப் பார்த்ததும் மனது அங்கேயே நின்றுவிட்டது.

குறையும் நிறைய. ஒரு மேட்டை ஏறி முடிக்க நாலைந்து பாகம் ஆகிறது. மூச்சு வாங்க மிதிக்கிறவன் மேடையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறான். அவன் சின்ன வயதில் அழுததைக் காட்டிவிட்டு மறுபடி ரோட்டுக்கு வருவதற்குள் நமக்கு மறந்துவிடுகிறது. எங்கள் ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி வருவார்கள். ஒருவராவது பேசி நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் காற்றுக்காகத்தான். ஒருமுறை அவர்களைப் பார்த்துக் கண்டக்டர், "ஏனுங்க, இந்த ஊருக்கு பஸ் உடறது இவங்களுக்கு யாரும் சொல்லலையாட்ட இருக்குது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வீட்டில் அவளும் என்னோடு பார்க்க ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு காதில் ஒயர். ஒரு காட்சியில் ஒருவன் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றி, பாட்டிலை ரோட்டோரம் வீசினான். அவள் ஒயரைக் கழற்றிவிட்டாள்.

"அதுல இன்னும் தண்ணி இருந்துச்சுல்லீங்க?"

இருந்தது. அவளுக்கு டாக்டர் சொன்ன கணக்கு, நாள் முழுக்கக் குடிக்க ஒரு சின்னச் சொம்பு அளவுதான். வீட்டுக்குப் பின்னால் ஊற்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே அந்தச் சொம்பைப் பார்த்தபடி படுத்திருப்பாள். படம் எடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது.

பெரிய குறை வேறு. ஒல்லியாக ஒருவன், எல்லோருக்கும் முன்னால் காற்றை வாங்கிவந்தவன், மேட்டுக்குப் பாதியில் விழுந்துவிடுகிறான். கம்பளியைப் போர்த்தித் தூக்கிப்போகிறார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டே மிதிக்கிறார்கள். அடுத்த பாகத்திலிருந்து அவன் பேச்சே இல்லை. அவர்களுக்குப் பரவாயில்லை, எங்கேயோ ஒரு கோடு போட்டிருக்கிறது, அதைத் தாண்டினால் முடிந்தது. எங்களுக்குக் கோடு இல்லை. இந்த வாரம் போனால் அடுத்த வாரம். அதை யோசித்தால் எனக்குப் பெஞ்சில் உட்கார முடிவதில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் நான் பையை எடுத்துவைத்து நின்றேன். அவள் பாயைவிட்டு எழவில்லை.

"நீங்க போயி மெளகப் பாருங்க. நான் வல்லீங்க."

"ஏம்புள்ள, முடியலையா?"

"முடியாததென்ன. போதுமுங்க. அவன் எறங்குனானல்ல, அந்த மாதிரி எறங்கிக்கறேன். அவனுக்கென்ன, நல்லாக் கம்பளியப் போத்தி உட்டாங்க. உங்களுக்கும் நடை மிச்சம்."

கால் வீங்கியிருந்தது, முகமும். ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸம்மா எங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பான், கெஞ்சியிருப்பான். நான் பையைக் கீழே வைத்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. அது போகும் சத்தமும் கேட்டது. கையில் வேறு ஒன்றும் இல்லாததால் செல்போனை எடுத்தேன்.

"அவன் அப்புறம் எங்கயாச்சும் வாரானான்னு பாப்பம்" என்றேன். எனக்குத் தெரிந்து அவன் வரவில்லை.

கடைசிப் பாகத்தைப் போட்டேன். ஜெயித்தவன் கையைத் தூக்குகிறான், கூட்டம் கத்துகிறது, அணியே ஒருவன்மேல் ஒருவனாக விழுகிறது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க. அந்த வேன் ஜன்னல்ல பாருங்க. தலையில துண்டு."

செல்போனின் கீறல் விழுந்த கண்ணாடியில், கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேன். ஜன்னலில் கடுகளவு ஒரு தலை, வெள்ளையாக எதையோ போட்டுக்கொண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம்.

"அவந்தானுங்களே?"

"அவனாட்டந்தான் இருக்குது."

திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேனுக்குள்ள குந்த வெச்சிருக்கறாங்க. ஒருத்தனாச்சும் திரும்பிப் பாக்கறானா பாருங்க. இவன் இல்லீன்னா அவனுக எங்க ஏறியிருப்பானுக?"

நான் மறுபடி அதே இடத்தைப் போட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"பஸ்ஸு போயிருச்சா?"

"போயிருச்சு."

"அடுத்தது எப்பங்க?"

சொன்னேன். சுவரைப் பிடித்து எழுந்தாள். சேலையைச் சரி செய்தபடி, "அடுத்த தடவ வருவனான்னு தெரியாதுங்க. இன்னைக்கி வாரேன்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எப்போதும் நான்தான். டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற அவளுடைய இடது கை எதிலும் இடிபடக்கூடாது. வளைவில் வண்டி திரும்பும்போது அவள் என்மேல் சாய்ந்தால் கம்பியில் படாது. எதிர்ப்பக்கம் திரும்பும்போது நான் அவள்மேல் சாயாமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவைக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் நாங்கள் பார்க்காத இடம் இனி எதுவும் மிச்சமில்லை. முதல் வளைவு தெரிந்தது. முன்கூட்டியே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.