கம்பத்துக்கு மழை

தெருவில் அவருக்குப் பெயர் மேகம். மாநகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், கொளுத்தும் வெயிலிலும் வண்டி நிறைய மழையோடு போகிறவர் என்று டீக்கடைக்காரர் வைத்த பட்டம் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தாள். வெளிச்சம் வேண்டுமென்று தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு எதிரே முதலில் காலி மனை இருந்தது. பிறகு அங்கே கான்கிரீட் கலவை யார்டு வந்தது. ஜல்லி லாரியும் மணல் லாரியும் உள்ளே போய் வர, சிமெண்ட் கொட்டுகிற கோபுரத்திலிருந்து மாவு சலித்ததுபோல் ஒரு பொடி இறங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டை தைத்து மடித்து வைத்தால், வாங்குகிறவர் வருவதற்குள் சாம்பல் சட்டையாகிவிடும். "புதுத்துணி கேட்டா பழசைக் கொடுக்கறியேம்மா" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒவ்வொன்றாக வாடிக்கை விட்டுப்போயிற்று.

இருமல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடிப்படி ஏறிப் பாதியில் உட்கார ஆரம்பித்தபோதும் அப்படித்தான். "வேலைன்னா மட்டும் அண்ணிக்கு மூச்சு வாங்கும்" என்று நாத்தனார் நாலு பேர் நடுவில் சொன்னாள். மேகமும் கூடச் சிரித்துவிட்டார்.

அவளைக் காட்டப் போன இடத்தில் நெஞ்சு டாக்டர் கேட்ட கேள்விகளில்தான் அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்ல டாக்டர். பீடியக்கூடத் தொட்டதில்ல."

"விறகடுப்பா?"

"கேஸுதான்."

"வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

யார்டைப் பற்றிச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கண்ணுக்குத் தெரியுற தூசி பெரும்பாலும் மூக்குலயே நின்னுடும். தெரியாத பொடிதான் நுரையீரலோட அடிவரைக்கும் போகும். ரத்தத்துல கலக்கும். இதயத்தையும் சும்மா விடாது. முடிஞ்சா வீட்டை மாத்திடுங்க."

மாற்றுவதற்கு அது வாடகை வீடு இல்லை. அவர் ஓட்டியும் அவள் தைத்தும் கட்டிய வீடு. யார்டுக்கு எதிர்வீட்டை வாங்க எவன் வருவான்?

தெருக்காரர்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். நடையாய் நடந்த பிறகு, தெருமுனையில் ஒரு கம்பம் நட்டு, காற்றை அளக்கிற மெஷினும் அதன் கீழே எண் காட்டும் போர்டும் மாட்டினார்கள். முதல் வாரம் முழுக்க போர்டு சிவப்பாகவே எரிந்தது. மனைவிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா, நான் நடிக்கலன்னு கம்பமே சொல்லுது. உங்க தங்கச்சியக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

அடுத்த வாரம் சூப்பர்வைசர் மேகத்தைக் கூப்பிட்டார்.

"உங்க தெருதானே அது? தினமும் காலையில அந்தக் கம்பத்தைச் சுத்தித் தண்ணி அடிச்சு விட்டுடுங்க. மேலயும் பனி மாதிரித் தூவுங்க."

"அப்படியே தெரு முழுக்க அடிச்சுடட்டுமா சார்?"

"தெருவுக்கு எதுக்கு? நம்பர் அங்கயா தெரியுது?"

அவருக்குப் புரியாமல் இல்லை. சொன்னதைச் செய்துதான் அவருக்குப் பழக்கம். கம்பத்தைக் குளிப்பாட்டினார். போர்டு பச்சைக்கு வந்தது. ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"அந்த மெஷினுக்கு மூச்சுத் திணறுதா?"

"வேலைம்மா. நான் என்ன பண்ண?"

"சரி. நாளைக்கு எனக்கும் ரெண்டு குடம் ஊத்திட்டுப் போங்க. நானும் பச்சையாகிடறேன்."

அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

புகாருக்குப் பதில் வந்தது. உங்கள் பகுதியின் காற்று திருப்திகரமாக இருக்கிறது என்றார்கள். அதைக் காட்டியே யார்டு இன்னொரு கோபுரம் கட்ட அனுமதி வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை மேகம் லாரியைக் கம்பத்தருகே நிறுத்தவில்லை. யார்டு வாசலிலிருந்து தன் வீடு தாண்டித் தெருவின் மறுகோடி வரை மண் ஊறும்படி அடித்தார். கம்பத்துக்கு ஒரு சொட்டு கிடையாது. அன்று மனைவி உச்சி வெயில்வரை அசந்து தூங்கினாள். அப்படி அவள் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் சில நாள் அப்படியே செய்தார். கம்பத்தடியில் தரை காய்ந்து கிடந்தது. லாரிகள் திரும்புகிற முனை அது. போர்டு மறுபடி சிவந்தது. ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யார்டு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் பழுது என்று கழற்றி எடுத்துப் போனார்கள். மேகத்தை ஊரின் மறுகோடிக்கு, சாலை நடுவில் வைத்த பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடப் போட்டார்கள்.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்துப் பேசினார். "உங்க கஷ்டம் புரியுதுண்ணே. என் பையனுக்கும் ஆஸ்துமா இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கான் சார்?"

"இப்ப இல்ல. நாங்க வேற ஏரியாவுக்குப் போயிட்டோம்."

காற்று அசையாத குளிர்நாட்களில் இரண்டாவது கோபுரம் ஓட ஆரம்பித்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்துக்கொண்டு அவள் உள்ளே கிடந்தாள். ஒருநாள் காலை அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. பணியில் இருந்த இளம் டாக்டரிடம் போய் நின்றார்.

"சிமெண்ட்டுன்னு எழுத முடியாதாம்மா?"

"அது வியாதி இல்லையேய்யா. வியாதி பேரத்தான் எழுத முடியும்."

துக்கத்துக்கு வந்த நாத்தனார்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். சின்ன வயதிலிருந்தே அண்ணிக்கு உடம்பு பூஞ்சை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவருக்கு ஒரே மகள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். குழந்தை பிறந்ததும் தாத்தாவுக்குக் காட்டக் கொண்டுவந்தாள். ஆனால் தெருவுக்குள் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"வீட்டுக்கு வாம்மா, நடக்கற தூரந்தானே."

"வேணாம்ப்பா. குழந்தைக்கு ஏதாவது ஆயிடும். நீங்களே வந்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. தலைக்கு ஊற்றிக் குளித்தார். பெட்டிக்குள் பாலித்தீன் உறையில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தெருவைத் தாண்டியதும் ஓரமாக நின்று சட்டையையும் தலையையும் நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டு, பேரனைத் தூக்கப் போனார்.