இரண்டு கை ஊற்றிய எண்ணெய்

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஒரு கார்தான். கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோடு போகிற வழியில் எங்கள் களம், அதாவது வயலை ஒட்டிய வீடும் வாசலும். நிலம், மாடு, அம்மிக்கல் வரைக்கும் பத்திரம் எழுதி இரண்டாக்கியாயிற்று. வாசலின் நடுவே மூங்கில் படலும் வந்துவிட்டது. தாத்தா வாங்கிவைத்த அந்தக் கறுப்புக் காரை என்ன செய்வது என்று பெரியவர்கள் ஒரு பகல் முழுக்க யோசித்தார்கள். ஒரு வாரம் அப்பாவுக்கு, ஒரு வாரம் சித்தப்பாவுக்கு என்று தீர்ப்புச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது.

அன்றோடு அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டுமே, அது நான். படலுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா, நடுவே ஆறடி. "சாவி ஆணியில மாட்டியிருக்குதுன்னு உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு" என்பார் அப்பா. கட்டுத்தறியில் நிற்கிற எருமைக்குக்கூடக் கேட்டிருக்கும். ஆனாலும் நான் படல்வரை நடந்துபோய்ச் சொன்ன பிறகுதான் அது சித்தப்பாவின் காதில் ஏறும். "சரீங்கன்னு சொல்லு கண்ணு" என்று அவர் அனுப்பும் மரியாதையையும் நானே சுமந்து வருவேன். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

காரில் செல்ஃப் எடுக்காது. அதனால் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி களத்துச் சரிவில்தான் நிறுத்துவார்கள். பிரேக்கை விட்டால் உருண்டு, உறுமி, கிளம்பிவிடும்.

கார் கைமாறுவதற்கு முந்தின சாயங்காலம், அப்பா அதன் அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். பின் அச்சின் நடுவில் இருக்கும் பெரிய உருண்டையில் கியர் ஆயில் ஊற்றினார். புனல் பிடித்தது நான்.

"நாளையிலிருந்து அவன் வாரம். காத்தாட்டம் ஓட்டுவான். உள்ள எண்ணெ வத்திப்போயி நடுரோட்டுல சக்கரம் இறுகிப்போச்சுன்னா? அவன்கிட்டச் சொல்லிப்போடாதே."

அடுத்த வாரக் கடைசியில் அதே சாக்கில் சித்தப்பா படுத்தார். புனல் மறுபடியும் என் கையில்.

"எங்கண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்ட மறக்கமாட்டாரு, வண்டிக்கு எண்ணெ பாக்கமாட்டாரு. வழியில நின்னா ஒத்தையில என்ன பண்ணுவாரு? அப்பங்கிட்டச் சொல்லாத கண்ணு."

இரண்டு பேருக்கும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டையும் காப்பாற்றினேன். சொல்லாதே என்றதைச் சொல்லாமல் இருப்பதில் அந்த வயதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

சில மாதத்தில் கார் ஒழுக ஆரம்பித்தது. பின் அச்சின் மேலே கடலைக்காய் அளவில் ஒரு மூச்சுக்குழல் உண்டு, சூடான காற்று வெளியே போவதற்கு. அதன் வழியாக எண்ணெய் கொப்பளித்து வழிந்தது. தரையில் கறுப்பு வட்டத்தைப் பார்த்த அப்பா, அடடா வற்றிவிடுமே என்று இன்னும் ஊற்றினார். சித்தப்பாவும் அதையேதான் செய்தார். கூடவே, வண்டியைக் கெடுத்தது மற்றவர்தான் என்று ஆளுக்கொரு பக்கம் முனகிக்கொண்டார்கள்.

சின்னம்மாவுக்கு அப்போது நிறைமாதம். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகும்போது சித்தப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வைக்கோல் வண்டி ஒன்றின் பின்னால் முட்டி நின்றது. சின்னம்மாவுக்கு நெற்றியில் சிறு வீக்கம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சித்தப்பா திரும்பி வந்ததும் நேராகப் படலருகே வந்து நின்றார்.

"வேணும்னே வண்டியை இப்படி வெச்சுக் குடுத்தாரான்னு உங்கப்பங்கிட்டக் கேளு."

நான் அந்தக் கேள்வியைச் சுமக்கவில்லை. அப்பாவுக்கு அது நேராகவே கேட்டுவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. "படலை எடுத்துப்போட்டு மதிலு கட்டோணும்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். மதில் வந்தால் என் உத்தியோகம் போய்விடும் என்பதைவிட, சின்னம்மாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளையை நான் தூக்கவே முடியாது என்பதுதான் என்னை அழவைத்தது.

மறுநாள் காலையில் கொல்லங்கோட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். மூச்சுக்குழலைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார், கம்பி விட்டுப் பார்த்தார். "இது அடைச்சிட்டில்ல" என்றார், அடைப்பு எதுவும் இல்லை என்று. பிறகு காரை நெல் காயப்போடும் சமதளத்துக்குத் தள்ளச் சொன்னார். வேறு ஆள் இல்லாததால் அப்பா ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் தள்ளினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. மெக்கானிக் உருண்டையின் திருகைக் கழற்றியதும் எண்ணெய் குபுகுபுவென்று கொட்டியது. கீழே வைத்த சட்டி நிறைந்து இன்னொரு சட்டி கேட்டார்.

"எண்ண குறஞ்சதல்ல சாரே, கூடிப்போச்சு. சரிவுல நிறுத்தி ஊத்தினா எத்தன ஊத்தினாலும் இது குடிக்கும். ஓடிச் சூடானா மேலேயும் கக்கும், சக்கரத்துக்கும் போகும். பிரேக்குல எண்ண பட்டா வண்டி நிக்குமா? ஆரு இப்படி ஊத்தினது?"

இருவரும் அடுத்தவரைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார்கள். நான் உடைந்துபோனேன்.

"ரெண்டு பேருமுங்க! சித்தப்பன் வேகமா ஓட்டுவாருன்னு அப்பா ஊத்துனாரு. அப்பா வழியில ஒத்தையில நிப்பாருன்னு சித்தப்பன் ஊத்துனாரு. சொல்லாதேன்னு ரெண்டு பேருந்தான் சத்தியம் வாங்குனாங்க!"

சொல்லிவிட்டு, இரண்டு சத்தியத்தையும் ஒரே மூச்சில் முறித்த பாவத்துக்காக ஓவென்று அழுதேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். சித்தப்பா கையில் இருந்த எண்ணெயை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் திருகை மாட்டி, பிரேக்கைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வண்டி இனி அவன்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லு. புள்ளத்தாச்சி இருக்கற ஊடு."

ஓடினேன். "அதெல்லாம் வேண்டாமுங்கன்னு சொல்லு. அண்ணனுக்கு முழங்கால் வலி, அவரே வெச்சுக்கட்டும்."

திரும்பி ஓடினேன். "நான் சொன்னாக் கேக்கோணும்னு சொல்லு!"

மறுபடியும் ஓடினேன். "இதுல மட்டும் கேக்கமாட்டேன்னு சொல்லு!"

ஐந்தாவது தடவை நான் மூச்சு வாங்க நின்றபோது அப்பா எழுந்து, படலைக் காலால் நெட்டித் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனார். "ஏண்டா, ஒரு பேச்சுக்குக் கட்டுப்படமாட்டியாடா நீ?" என்று கத்தினார். "நீங்க மட்டும் எப்பக் கேட்டீங்க?" என்று சித்தப்பாவும் அதே குரலில் கத்தினார். களமே அதிர்ந்தது.

நான் நடுங்கிப்போய் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடறாங்க, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அசையவில்லை. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிய, "போடட்டும் கண்ணு, நல்லாப் போடட்டும்" என்று சொல்லி, உலையில் இன்னும் இரண்டு பேருக்கான அரிசியைப் போட்டாள்.

இப்படியும் ஒரு அம்மா இருப்பாளா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.