நித்திரை கொள்ளும் கணினிக்குக் கரண்ட் எதற்கு?

கணினி திருத்தும் தொழிலில் கணினியால் வரும் தலையிடி கால்வாசிதான். மிச்சம் அதைச் சுற்றி நிற்பவர்களால் வருவது. இதே தொழிலில் அகப்பட்டு நெற்றியில் அடித்துக்கொண்டிருக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது புதிதாக இராது.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜன்சி அலுவலகம். அங்கே சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் நஸ்ரினா அக்காவுக்குக் கைக்குழந்தை. கிண்ணியாவில் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டிருந்தார். அலுவலகக் கணினியை அங்கிருந்தே எழுப்ப முடிந்தால் சரி, லீவு முடியும் திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் ராஜினாமாக் கடிதம் என்று மனேச்சர் சொல்லிவிட்டார். எழுப்பிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சுவர் சுவிட்ச்

செற்றிங் எல்லாம் செய்து, அக்காவின் போனில் ஒரு பொத்தானும் வைத்துக் கொடுத்தேன். அதை அழுத்தினால் இணையம் வழியாக ஒரு செய்தி போய், உறங்கும் கணினியைத் தட்டி எழுப்பும். அந்தச் செய்திக்கு எங்கள் தொழிலில் ‘மஜிக் பக்கற்’ என்று பெயர். மறுநாள் காலை அக்கா அழுத்தினார், அழுத்தினார், பெருவிரல் நொந்ததுதான் மிச்சம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. காவலாளி பீற்றர் அண்ணை பின்னேரம் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். கணினி உறங்கினாலும் அதற்குக் கரண்ட் வேண்டும் என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நித்திரை கொள்ளுறதுக்கு என்னத்துக்குத் தம்பி கரண்ட்?”

எழுதாமல் விட்டது

‘இந்தக் கணினியின் சுவிட்சை அணைக்கவே கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கணினியிலேயே ஒட்டினேன். அன்று பின்னேரம் நல்ல இடிமழை. காலையில் திரும்பவும் அக்காவின் அழைப்பு. போய்ப் பார்த்தேன், சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ஆனால் நெற்வேர்க் வயரைக் கழற்றி, அழகாகச் சுருட்டி, றபர் பான்ட் போட்டுக் கதிரையில் வைத்திருந்தது.

மின்னல் வயர் வழியாக வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை இருண்டால் டிவி வயரைக் கழற்றாத வீடு இல்லை. எனக்குத்தான் மறந்துவிட்டது. ஆனாலும் கோபத்தோடு நோட்டீசைக் காட்டினேன். பீற்றர் அண்ணை அதை ஒருதரம் சத்தமாக வாசித்தார்.

“சுவிட்சைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீங்கள்? வயரைப் பற்றி ஒரு கதையும் இல்லையே.”

முதல் ஆள்

மின்னல் தாங்கும் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன், நோட்டீசில் வயரையும் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா அழுத்த, கணினி எழும்பியது. ஆனால் அவரை உள்ளே விடவில்லை, கடவுச்சொல் மாறியிருந்தது. திங்கட்கிழமைக்கு இடையில் வேறு வேலைநாள் கிடையாது. அக்காவின் குரலில் அழுகை வந்துவிட்டது.

விழுந்தடித்துப் போனேன். லீவில் இருப்பவருக்கு எதற்குப் புதுக் கணினி என்று மனேச்சர் முதல்நாள் பின்னேரம் அதை நோட்டீசோடேயே தன் அறைக்கு எடுத்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, தன்னுடைய பழையதை அக்காவின் மேசையில் வைத்திருந்தார். பழையதை எழுப்பவே ஏலாது என்று அவரிடம் சொன்னேன். பச்சைப் பொய், சொன்னதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. புதியதை நானும் பீற்றர் அண்ணையும் தூக்கிக்கொண்டு வந்தோம். கதவைத் தாண்டியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயாட அறையில காலம எட்டு மணிக்கு எழும்பின முதல் ஆள் இதுதான், தம்பி.”

எழும்பியது

திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா அழுத்தினார். கணினி எழும்பியது, பத்திரங்கள் திறந்தன, வேலை தப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பத்து மணிக்கு வந்த மனேச்சர் அக்காவைப் போனில் பிடித்து, மூன்று தரம் எழுப்பிக் காட்டச் சொன்னார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பலாம்தானே!” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா எனக்குப் போன் எடுத்தார். காலை ஐந்து மணிக்கே மனேச்சர் கூப்பிட்டு, ஏதோ பத்திரம் அவசரம் என்றாராம். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“தம்பி, மனிசரை நித்திரையாக்கிற பக்கற் ஒண்டும் உங்களிட்ட இல்லையா?”

எட்ட இருந்து எழுப்பும் வசதியை நான் கணினிக்குத்தான் செய்து கொடுத்தேன். மனேச்சர் அதை அக்காவுக்குப் பொருத்திக்கொண்டார்.