சாக இருந்த சாந்தியை நான் வள்ளமேத்தின கதை

என்ரை மருமகள் உப்புவெளியில எங்கட வீட்டில இருந்துகொண்டே ஒரு டிவிக்கு மத்தியான நாடகம் எழுதுறவ. ஒரு கிழமைக்கு முன்னமே எழுதி அனுப்பிப்போடுவா. நான் மூண்டாம் வகுப்பு மட்டும்தான் படிச்சனான், ஆனா காது நல்லாக் கேக்கும்.

ஒருநாள் அவ ஃபோனில, 'வெள்ளிக்கிழமை சாந்தியை லொறி அடிச்சுச் சாகடிக்கிறன்' எண்டா. சாந்திதான் நாடகத்தின்ரை கதாநாயகி. கடற்கரையில மீன் வாங்கப் போன இடத்தில வாய் சும்மா இருக்குமே? சொல்லிப்போட்டன். ஆரோ அதை ஃபோனில ஊரெல்லாம் அனுப்பிப்போட்டினம்.

அடுத்தநாள் டிவிக்காரர் கோல் எடுத்து, 'கதையை ஆர் வெளியில விட்டது? இனி வேற ஆளைத்தான் பிடிக்கோணும்' எண்டிட்டினம். மருமகள் குசினியில அடுப்புக்குப் பக்கத்தில இருந்து அழுதா.

திரும்பக் கடற்கரைக்குப் போய், 'பிள்ளையள், நான் பிழையாச் சொல்லிப்போட்டன். சாந்தி சாகேல்ல. மாமியாரோட கோவிச்சுக்கொண்டு மூதூருக்கு வள்ளமேறுறாளாம்' எண்டு வாய்க்கு வந்ததை அவிட்டு விட்டன். அதையும் அனுப்பிப்போட்டினம்.

பின்னேரம் திரும்பவும் கோல். சனத்துக்கு வள்ளக் கதை பிடிச்சிட்டாம், அதையே எழுதட்டாம். வேலை தப்பிச்சுது.

'மாமி, இது உங்கட வேலையோ?' எண்டு மருமகள் கேட்டா.

'ஓம்' எண்டன். சிரிச்சாவோ முறைச்சாவோ, எனக்கு விளங்கேல்ல.

வெள்ளிக்கிழமை சாந்தி வள்ளமேறினா. நான் சொன்ன பொய்யைப் பாத்து நானே அழுதன்.

இப்ப நாடகம் டிவியில போன பிறகுதான் கடற்கரையில வாய் திறக்கிறனான். ஆனா மருமகள் காலமை காலமை கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, 'மாமி, சாந்தியை மூதூரால ஆர் கூட்டிக்கொண்டு வாறது?' எண்டு கேக்கிறா. எனக்கெப்பிடித் தெரியும்?