பாட்டாகிப்போன ஏச்சு

என் மருமகள் என்ன மாதிரியான பாட்டுப் பாடுகிறவள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கச்சேரி இல்லை. சினிமாப் பாட்டு இல்லை. திருவிழா முடிவில் நடக்கும் கானமேளையும் இல்லை. அவள் கையில் கிதார் இருக்கும். பக்கத்தில் வயலின் தேவாலயப் பாடகர் குழுவின் குரல் போல இழையும். டிரம் மட்டும் கல்யாண ஊர்வலத்துக்கு வந்ததுபோலக் குதிக்கும். வரிகளில் பாதி மலையாளம், பாதி எங்கள் ஊர்ப் பேச்சு. அவளே எழுதுவாள், அவளே மெட்டும் போடுவாள்.

பகலில் அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பூவாறில் கடலை நம்பி வாழும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என் மகனை விரும்பிக் கட்டிக்கொண்டு கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு கிதாரும் கொண்டுவந்தாள். என் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைக்கூடம் ஒன்று உண்டு. ரப்பரை வெட்டிவிட்டு வாழை வைத்த பிறகு அது சும்மா கிடந்தது. அதைக் கழுவி, சத்தம் வெளியே போகாமல் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, அவளும் அவள் குழுவும் அங்கே பயிற்சி செய்தார்கள். வயலின்காரர் பூவாறு தேவாலயத்தில் வாசிப்பவர். கிதார் வாசிக்கும் பையன் காட்டாக்கடையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். டிரம் வாசிப்பவள் கோட்டுகாலிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், அங்கன்வாடி டீச்சர். சாயா கொண்டுபோகும்போது வாசலில் கொஞ்சம் நின்று கேட்பேன். ஒரே வரியை நாற்பது விதமாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். முழுப் பாட்டு ஒன்றைக்கூட நான் அங்கே கேட்டதில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். வகுப்பில் என் தமிழ் கரும்பலகையில் எழுதியதுபோல நேராக இருக்கும். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றியதும் எங்கள் பேச்சு வந்துவிடும். இரண்டையும் கலக்கவிடமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக்காகக் கிழக்கே தமிழ்நாட்டுக்குப் போனபோது, நான் வாய் திறந்ததும் பக்கத்து டீச்சர், "நீங்க மலையாளியா? தமிழ் நல்லா கத்துக்கிட்டீங்களே" என்றார். திருவனந்தபுரம் போனால் கடைக்காரர் இரண்டாவது வார்த்தையிலேயே "தமிழத்தி" என்று கண்டுபிடித்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒட்டாத அந்தப் பேச்சை நான் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மருமகள் கொச்சியிலும் பெங்களூரிலும் பெரிய மேடைகளில் பாடிவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "மாமி, நம்ம ஊர்ல பாடணும். சின்னதா. நாப்பது அம்பது பேரு போதும்."

"சின்னதா பாடுகதுக்கா மக்கா கொச்சியிலயும் பெங்களூரிலயும் இவ்வளவு கூட்டம் சேத்து வச்சிரிக்க?"

"பெரிய மேடையில வெளிச்சம் கண்ணுல அடிக்கும். ஒரு முகமும் தெரியாது. எனக்கு முகம் காணணும்."

எங்கள் ஊர் நூலகத்தை வாயனசாலை என்றுதான் சொல்வோம். அதன் மாடியில் ஒரு கூடம் உண்டு. வாயனசாலைச் செயலாளர் என்னிடம் படித்தவர். அவரிடம் கேட்க நான்தான் போனேன்.

"அதுக்கென்ன டீச்சர், தாராளமா நடத்தலாம். நோட்டீசுல என்ன எண்ணு போட? கச்சேரியா, கானமேளயா?"

இரண்டும் இல்லை. "பாட்டு எண்ணு போடு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழும் நேரத்தில் நடந்தது. மேடை கிடையாது. புத்தக அலமாரிகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, என் வீட்டுப் பாயை விரித்து அதன்மேல் குழு உட்கார்ந்தது. எதிரே நாற்காலிகள். முதல் வரிசைக்கும் வயலின்காரரின் முழங்காலுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். ஒலிபெருக்கியை என் மகன் கவனித்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பழைய தலைமையாசிரியர் வந்திருந்தார். நான் படிப்பித்த பிள்ளைகள் சிலர் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் கால் நீட்ட இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

மருமகளின் அப்பாவும் அம்மாவும் பூவாறிலிருந்து வந்தார்கள். அம்மா பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவோரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல நின்றார்.

"சம்பந்தி, இஞ்ச வாங்க. முன்னால இரியுங்க" என்றேன்.

"வேண்டாம் டீச்சரே, நான் இஞ்சயே நிக்கேன்."

"பாடுகது உங்களுக்க மகளாக்கும். வாங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

முதல் பாட்டு மலையாளத்தில், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கிதார் மட்டும்தான். அந்தச் சின்னக் கூடத்தில் அவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்ததும் கைதட்ட வேண்டுமா வேண்டாமா என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைமையாசிரியர்தான் முதலில் தட்டினார்.

இரண்டாவது பாட்டை டிரம் மெதுவாகத் தொடங்கியது. அதன்மேல் அவள் "ஏலோ" என்று ஒரு விளி விளித்தாள். என் பக்கத்தில் இருந்த சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கரமடி வலையை இழுக்கும்போது விளிக்கிற விளி அது. சின்ன வயதில் அப்பாவோடு கடற்கரைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அதை எடுத்து, நீட்டி, தாலாட்டைப் போல மெதுவாக்கி, நடுவில் கிதார்க்காரன் ஒரு பெரிய அலை வந்து உடைவதுபோல வாசிக்க இடம் விட்டிருந்தாள். சம்பந்தியின் கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்தன.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "இது எங்களுக்க விளியாக்கும் டீச்சரே" என்றார். பிறகு, "ஆனா இவ்வளவு மெள்ள விளிச்சா வலை கரை கேறாது, கேட்டேளா" என்றார். சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

இன்னும் சில பாட்டுகள் ஆயின. தண்ணீர் குடித்துவிட்டு அவள் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "அடுத்த பாட்டை நான் எழுதல. கேட்டு எடுத்ததாக்கும். எனக்க வீட்டுல, எல்லா நாளும் காலையில."

எனக்கு அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பாடத் தொடங்கினாள்.

"எழும்பு மக்கா எழும்பு, நேரம் வெளுத்தாச்சு,
வெயிலு வந்து முற்றத்தில உனக்கு முன்ன இரிப்பாச்சு.
தலை தோத்தாம போவாத, நீர் இறங்கும் கேட்டியா,
தின்னாம நீ போனியெண்ணா தல சுத்தும் கேட்டியா.
வாறேன் வாறேன்னு சொல்லுகா, வந்த பாடு இல்ல,
சோறு ஆறிக் கிடக்குது, மீனு கோவிச்சுக் கிடக்குது."

என் காது சுட்டது. ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. தலையைத் துவட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று அடுப்படியில் நின்று, வெளியே யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பி, அவளையும் மகனையும் நான் ஏசுகிற ஏச்சு. 'மீனு கோவிச்சுக் கெடக்கு' என்று நான் சொல்வதுண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின் வரிசையில் சிரிப்பு வந்தது. வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தாலும் திருத்தாமல் விடாதவள் நான். அந்தப் பிள்ளைகள் பின்னால் இருந்து சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. எழுந்து போனால் அவள் முகம் வாடுமே என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வேறொன்று நடந்தது. இரண்டாம் முறை 'வாறேன் வாறேன்னு சொல்லுகா' என்று தொடங்கியவள், அங்கேயே வாயை மூடிக் கிதாரை மட்டும் மீட்டினாள். மிச்ச வரியை எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் பாடிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்காமலே. அவர்கள் வீட்டிலும் அதே பேச்சுதானே. ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், "செருப்பு எங்க போட்ட?" என்று அவள் வீட்டு ஏச்சைச் சேர்த்தாள். டிரம் வாசித்த பெண் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு அடி போட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை என்று எனக்கு மெல்ல விளங்கியது.

வயலின்காரர் என் ஏச்சின் மெட்டை எடுத்துத் தனியாக வாசித்தார். என் குரல் 'எழும்பு' என்று மேலே ஏறி, 'மக்கா' என்று கீழே இறங்கி அமர்கிறது. அதில் ஒரு ராகம் இருக்கிறது என்று இத்தனை வருடம் எனக்கே தெரியாது.

பிறகு டிரம் நின்றது. கிதாரும் நின்றது. கடைசிச் சரணத்தை அவள் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினாள்.

"கரையாத எண்ணு சொல்லமாட்டேன் மக்கா,
கரஞ்சோ, கரஞ்சு தீத்தோ.
நீ எழும்பண்டாம் இண்ணைக்கு,
நான் இஞ்ச இரிக்கேன்."

எங்கள் பேச்சில் கரைவது என்றால் அழுவது. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு தாய் சொல்லும் ஆறுதல், அவ்வளவுதான். அவளுக்கும் என் மகனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கல்யாணமாகி இரண்டாம் வருடம் அவள் வயிற்றில் இருந்தது தங்காமல் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் "கரையாத, கரையாத" என்றார்கள். அவர்கள் போன பிறகு நான் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த நாலு வரியைத்தான் சொன்னேன். ஆசிரியையாக யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அதைக் கேட்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கேட்டிருக்கிறாள். ஒரு சொல்லும் சிந்தாமல் வைத்திருந்திருக்கிறாள்.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மகன் தலையைக் குனிந்து ஏதோ குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். திருக அங்கே ஒன்றுமில்லை. பாடி முடித்து அவள் என்னைப் பார்த்தாள். முகம் காண வேண்டும் என்று சொன்னாளே, கண்டுகொண்டாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. கைதட்டல் ஓய நேரமாயிற்று. பக்கத்தில் இருந்த சம்பந்தி எழுந்து நின்று தட்டினார். மகளைப் பார்த்துத் தட்டுகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பியும் தட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கீழே முற்றத்தில் எல்லாருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொடுத்தோம். தலைமையாசிரியர் தட்டோடு வந்தார். "டீச்சர் ஸ்கூல்ல ஒருநாளும் இப்படிப் பேசினதில்லையே" என்றார்.

"வீட்டுல இப்படித்தானாக்கும் சார் பேச்சு" என்றேன். அவரிடம் நான் அந்தத் தமிழில் பேசியது அதுதான் முதல் முறை. அவர் ஒரு கிழங்குத் துண்டைக் கறியில் தோய்த்தார். பிறகு, "எனக்க வீட்டுலயும் இதுதான் டீச்சரே" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் உட்கார்ந்து ஏட்டுத் தமிழில் பேசிக்கொண்ட இரண்டு பேர் நாங்கள்.

நாகர்கோவில் பெண்களில் ஒருத்தி, "அம்மா, அந்தக் கடைசி வரி இன்னொரு தடவை சொல்லுவீங்களா, போன்ல பதிஞ்சுக்கிறேன்" என்றாள். சொன்னேன். கூச்சப்படாமல், என் வீட்டு ஏற்ற இறக்கத்தோடேயே சொன்னேன்.

கூட்டம் குறைந்ததும் மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாமிக்கு எங்கிட்ட கோவம் உண்டா? கேக்காம பாடிட்டேன். கேட்டா வேண்டாம் எண்ணு சொல்லியிருப்பிய."

"சொல்லியிருப்பேன்" என்றேன். "ஒரு தப்பு உண்டு. நான் 'கிடக்குது' எண்ணு சொல்லமாட்டேன். 'கெடக்கு' ஆக்கும்."

"அப்பிடிப் பாடினா தாளத்துக்கு ஒரு எழுத்து குறையுது மாமி."

"அப்ப 'கெடக்குல்லா' எண்ணு பாடு. சரியா வரும்."

விரலால் தொடையில் தட்டிப் பாடிப் பார்த்தாள். "எடே, இஞ்ச வாங்க, மாமி ஒண்ணு சொல்லுதாவ" என்று குழுவையே விளித்தாள். டிரம்மை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தவள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தாள். முற்றத்தில் நின்றே திரும்பப் பாடினார்கள். பொருத்தமாக வந்தது.

மகன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்ததால் நான் ஆட்டோவில் முன்னால் புறப்பட்டேன். ஓட்டுநர் புதியவர், என்னைத் தெரியாதவர்.

"வாயனசாலையில என்ன விசேஷம்? நல்ல பாட்டு கேட்டுதே. ஆரு பாடினது?"

"எனக்க மருமவளாக்கும்" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து, "அதுல ஒரு பாட்டு நான் எழுதினது" என்றேன்.