நெல்லில் ஒற்றைக் கோடு

உடம்புக்கு முடியவில்லை என்று இராஜாங்கம் வாயால் யாரும் கேட்டதில்லை. பாம்பு கடித்தாலும் ‘லேசாத்தான்’ என்பார். பாபநாசம் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், சொந்தமாக ஏகப்பட்ட பிடிவாதம்.

போன அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் அவர் நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் இறங்காமல் எடைபோட மாட்டார்கள். மேற்கே மழை கட்டிக்கொண்டு நின்றது. அன்று காலையில்தான் அவருக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்தது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு வேலை கிடைத்தது. கல்லடைப்பில் பிழைத்த நாகேஸ்வரன், கல்தான் என்று வாழைத்தண்டுச் சாறு சொன்னார். வாயுத் தொல்லைக்காரர் ஒருவர் வாயு என்றார். பக்கத்துக் குவியல் ரெத்தினம், சோறு சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்று விளக்கெண்ணெயோடு வயிற்றைப் பிசைய வந்துவிட்டாள். அவரவர் நோயை அவரவர் தாராளமாகக் கொடுத்தார்கள்.

“எல்லாம் சரியாப் போச்சு” என்று எழுந்த இராஜாங்கம், நெல்லைக் காலால் கிளறப் போனார். மத்தியானச் சோற்றை மட்டும் தொடவில்லை.

காலை இழுத்து நடந்து கிளறினால் நெல்லில் இரண்டு கோடு விழும். அவர் மனைவி பொன்னுத்தாய் பார்த்தபோது இடது கோடுதான் இருந்தது. வலது பக்கம், காலைத் தூக்கித் தூக்கி வைத்த குழிகள்.

“வலது காலுக்கு என்னங்க?”

“காலுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப இழுத்து நடங்க பாப்போம்.”

இழுத்தார். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மழை வருது புள்ள. நெல்லு...”

“கெடக்கட்டும். வண்டில ஏறுங்க.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த இடத்தை அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தும்போது பல்லைக் கடித்த இராஜாங்கம், எடுத்தபோது கத்திவிட்டார். கல்லாக இருக்குமோ என்று ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். கல் இல்லை. குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்றைக்கே அறுத்து எடுத்தார்கள்.

மழையும் பெய்தது. பாதி நெல் நனைந்து முளைத்துவிட்டது. பொன்னுத்தாய் அழுதாள். நெல்லுக்காகத்தான் என்று அவரிடம் சொல்லிவைத்தாள்.

இந்த அறுவடைக்கும் அதே ரோடு. “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார் இராஜாங்கம். பொன்னுத்தாய் கேட்டுக்கொள்கிறாள். அவர் கிளறிவிட்டு வந்ததும் எழுந்து போய், நெல்லில் இரண்டு கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள்.