எந்தப் பக்கம்?

மொன்றியாலில் ஒரு சிறிய இராணுவ அருங்காட்சியகத்தில் காவலுக்கு நிற்கும் அரியரத்தினத்துக்கு, தன் வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

புதிதாகத் துப்புரவு வேலைக்கு வந்த வதனி, கண்ணாடிப் பெட்டியில், ஒன்றில் இலக்கமும் மற்றதில் ஊர்ப் பெயரும் பொறித்திருந்த இரண்டு பழைய தொப்பிச் சின்னங்களைப் பற்றிக் கேட்டாள்.

“முந்திப் பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவுகளை இலக்கத்தாலைதான் கூப்பிடுறது, தங்கச்சி. 1881இலை அதை எடுத்துப்போட்டு ஊர்ப் பேர் வைச்சவை. பேந்துதான் ஆக்கள் எவடமெண்டு தெரிஞ்சது” என்றவர், அதே மூச்சில், “நீர் எவடம்?” என்றார்.

“மானிப்பாய்.”

“மானிப்பாயிலை எந்தப் பக்கம்?”

சாதியை அறியக் கேட்கும் கேள்வி அது. இத்தனை வருடக் குளிரிலும் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

வதனி தன் சட்டையில் குத்தியிருந்த வேலை அட்டையின் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்கு இந்த இலக்கமே போதும், அண்ணை.”